தரவு யார் பிடியில் இருக்கிறது: மேகக் கணிமையின் சட்டத்தைப் பயில்வது பற்றி

மேகக் கணிமை என்பது பிறருடைய கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்தும் கிளவுட் முறை. அதன் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் முதலில் அந்தப் பெயரில் ஒரு சட்டத்தைத் தேடுவார். பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலை வெளியிலுள்ள ஒரு கிளவுட் சேவையில் ஏற்றிவைக்கும் அந்த ஒரு செயலை, ஒப்பந்தச் சட்டமும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குற்ற விசாரணைக்குச் சான்று திரட்டும் நடைமுறைச் சட்டமும், வங்கி, காப்பீடு, மருத்துவம் போன்ற துறைகளுக்கான ஒழுங்குமுறை விதிகளும், சேவை தரும் நிறுவனம் நொடித்துப்போனால் திவால் சட்டமும் தனித்தனியாக வந்து தொடுகின்றன. இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. சில, இணையம் பொதுப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. ஆகவே இந்தப் படிப்பில் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு. எந்தக் கேள்வியை எந்தச் சட்டத்திடம் கேட்பது என்று அறிவதுதான் பெரும்பகுதி.

நான் சர்வர்களை நிர்வகிக்கும் பணியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன். தொழில்நுட்பக் கருத்துக் கேட்டு ஒப்பந்த வரைவுகள் என் மேசைக்கு வரத் தொடங்கியபோது, அவற்றோடு தொடர்புடைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கலானேன். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத்தான். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உண்டு என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தரவை எடுத்துத் தர வல்லவர் யார்? அதற்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 என்ற எண்ணுள்ள வரையறை ஆவணத்திலிருந்து படிப்பைத் தொடங்குவது நல்லது. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணம் மேகக் கணிமைக்கு ஐந்து இயல்புகளையும், மூன்று சேவை வகைகளையும், நான்கு அமைவு முறைகளையும் வகுக்கிறது. பொறியாளர்கள் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சட்டம் படிப்பவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். வளங்கள் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாகத் திரட்டி வைக்கப்படுகின்றன என்ற இயல்பை விளக்கும்போது, அவை சரியாக எங்கே இருக்கின்றன என்பது பொதுவாக வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டிலோ அறிவிலோ இருக்காது என்றும், நாடு, மாநிலம், தரவு மையம் என்ற அளவில் வேண்டுமானால் அவர் குறிப்பிட இயலலாம் என்றும் அது சொல்கிறது. நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டு அதிகாரம் செலுத்துவது சட்டத்தின் பழைய வழக்கம். இருப்பிடம் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது இந்தச் சேவையின் இயல்பு. பின்னால் வந்த பெரிய வழக்குகளில் பலவும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியிலிருந்து பிறந்தவையே.

அவற்றில் ஒன்றை முழுமையாகப் படிக்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். 2013 டிசம்பரில் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்ற நடுவர் ஒருவர், போதைப்பொருள் வழக்கின் விசாரணைக்காக, ஒரு மின்னஞ்சல் கணக்கின் உள்ளடக்கத்தை ஒப்படைக்கும்படி மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு ஆணையிட்டார். அஞ்சல்கள் இருந்ததோ அயர்லாந்தின் டப்ளின் தரவு மையத்தில். ஆணைக்கு அடிப்படையாக இருந்தது 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று; கடல் கடந்த தரவு மையங்களை அதை இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அயர்லாந்தில் இருப்பதை எடுப்பது அயர்லாந்தில் சோதனையிடுவதற்குச் சமம் என்று நிறுவனம் வாதிட்டது. நிறுவனத்தின் ஊழியர் அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே அதை எடுத்துத் தர முடியும், எனவே செயல் நடப்பது இங்கேதான் என்று அரசு வாதிட்டது. 2016 ஜூலையில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வாதங்களைக் கேட்டது. ஆனால் அது தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் 23 அன்று, கிளவுட் சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் வழக்கு பொருளற்றுப்போனதாக முடித்துவைக்கப்பட்டது.

அந்தச் சட்டம் சொன்னது எளிமையானது. சேவை தரும் நிறுவனத்தின் உடைமையிலோ காவலிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் தரவை, அது நாட்டுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், உரிய ஆணை வந்தால் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு விதியை உள்வாங்கிக்கொண்டவர், எங்கள் தரவு ஐரோப்பாவில்தான் இருக்கிறது என்றோ உள்நாட்டில்தான் இருக்கிறது என்றோ எழுதப்பட்ட விற்பனைத் தாளை இனி வேறு கண்ணோடு படிப்பார். நிறுவனம் எந்த நாட்டின் அதிகார வரம்புக்குள் வருகிறது, அதன் எந்தக் கிளை எந்தத் தரவைத் தொட முடியும், நிர்வாகக் கணக்குகள் யாரிடம் உள்ளன என்பவை இருப்பிடத்தை விடக் கனமான செய்திகள்.

மறுபக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையான ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் 48-ஆம் பிரிவு, வேற்று நாட்டு நீதிமன்றமோ அரசு அமைப்போ தரவைக் கேட்டால், பரஸ்பரச் சட்ட உதவி உடன்படிக்கை போன்ற பன்னாட்டு உடன்பாட்டின் அடிப்படையில் கேட்டிருந்தால் மட்டுமே அந்த ஆணைக்கு மதிப்பு என்ற நிலையை எடுக்கிறது. ஆக, ஒரே நிறுவனத்துக்கு ஒரு நாடு 'கொடு' என்றும் மற்றொன்று 'கொடாதே' என்றும் சொல்லக்கூடிய நிலை உள்ளது. இதைத் தீர்க்க அரசுகளுக்கு இடையிலான உடன்பாடுகள் மெல்ல மெல்ல வருகின்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் 2019-இல் கையெழுத்திட்ட உடன்பாடு 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு செல்வதற்கான ஏற்பாடுகளின் வரலாறு இன்னும் கூர்மையான பாடம். 2000-ஆம் ஆண்டின் 'சேஃப் ஹார்பர்' ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015 அக்டோபரில் செல்லாததாக்கியது. அதற்கு மாற்றாக 2016-இல் வந்த 'பிரைவசி ஷீல்டு' ஏற்பாட்டை 2020 ஜூலை 16 அன்று செல்லாததாக்கியது. இரண்டு வழக்குகளுக்கும் பின்னால் இருந்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த தனியுரிமைச் செயற்பாட்டாளர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலையில் வந்தது. இரண்டாம் தீர்ப்பு, தரவை வெளிநாட்டுக்கு அனுப்புபவரும் பெறுபவரும் கையெழுத்திடும் ஐரோப்பிய ஆணையத்தின் மாதிரி ஒப்பந்தக் கூறுகளைச் செல்லும் என்றே விட்டது. ஆனால் தரவு போய்ச் சேரும் நாட்டின் கண்காணிப்புச் சட்டங்கள் அந்தக் கூறுகளைப் பயனற்றதாக்குகின்றனவா என்று அனுப்புபவரே ஆராய வேண்டும் என்ற சுமையையும் அது ஏற்றிவைத்தது. அந்தத் தீர்ப்பைத் தழுவி ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2021 ஜூனில் இறுதி செய்த பரிந்துரைகளில், என் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. கிளவுட் நிறுவனம் தன் பணியைச் செய்வதற்குத் தரவை மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) இல்லாமல் வெளிப்படையாகப் பார்த்தாக வேண்டும் என்ற நிலையில், அந்த நாட்டு அரசின் அதிகாரமும் அளவு கடந்ததாக இருந்தால், அதைச் சரிக்கட்டும் தொழில்நுட்ப ஏற்பாடு எதையும் தங்களால் காண இயலவில்லை என்று வாரியம் எழுதியது. சேமிப்புக்கு மட்டும் கொடுத்து, மறையாக்கச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்பவரின் நிலை வேறு. சாவி யாரிடம் என்ற கேள்வி சட்டக் கேள்வியாகவே மாறிவிடுகிற இடம் இது.

சாவி தன்னிடம் இல்லை என்பதால் கிளவுட் நிறுவனம் தப்பித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பா தொடர்பாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2016 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளிகளின் தகவலை மறையாக்கிய வடிவில் மட்டும் சேமித்து, திறக்கும் சாவியைத் தன்னிடம் வைத்திராத நிறுவனமும் அந்தச் சட்டத்தின் கடமைகளுக்கு உட்பட்டதே என்று அது தெளிவுபடுத்தியது. படிக்க முடியாத தரவுக்கும், அது அழியாமலும் கிடைக்காமல் போகாமலும் காக்கும் பொறுப்பு உண்டு என்பதே காரணம்.

இருப்பிட விதிகளும் உண்மையில் உள்ளன. அவற்றைப் புறந்தள்ளச் சொல்லவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, பணம் செலுத்தும் முறைகளின் முழுத் தரவும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்றது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வேறு வழியில் செல்கிறது: மத்திய அரசு அறிவிக்கையால் கட்டுப்படுத்தும் நாடுகளைத் தவிர மற்ற இடங்களுக்குத் தரவு செல்லலாம். பொதுச் சட்டம் தளர்வாக இருக்கிறதே, வங்கி உத்தரவு காலாவதியாகிவிட்டதா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை, அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இதைவிட உயர்ந்த பாதுகாப்பையோ கட்டுப்பாட்டையோ விதிக்கும் வேறு சட்டங்கள் தொடரும் என்கிறது. பொதுச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுத் துறைசார் விதியை விட்டுவிடுவது இந்தப் படிப்பில் மிக எளிதாக நேரக்கூடியது.

பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதற்கு இப்போது வருகிறேன். எதற்காக, எப்படித் தரவு பயன்படுத்தப்பட வேண்டும் என்று முடிவு செய்பவரை ஜிடிபிஆர் கட்டுப்பாட்டாளர் என்கிறது. அவர் சார்பில் அந்த வேலையைச் செய்பவரைச் செயலாக்குநர் என்கிறது. பெரும்பாலான கிளவுட் ஒப்பந்தங்களில் வாடிக்கையாளர் நிறுவனம் முதலாவது இடத்திலும், சேவை தருபவர் இரண்டாவது இடத்திலும் நிற்கின்றனர். மக்களுக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் முதன்மையாகப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாமவர். இந்தியச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது: தன் சார்பில் செயலாக்குநர் செய்யும் வேலைக்கும் தரவு நம்பகரே (கட்டுப்பாட்டாளருக்கு இந்தியச் சட்டம் தரும் பெயர்) பொறுப்பு, இதற்கு மாறாக ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

2019-இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்தது இதற்குப் பொதுவெளியில் உள்ள தெளிவான சான்று. தரவு இருந்தது பெரிய கிளவுட் நிறுவனம் ஒன்றின் சேமிப்பகத்தில். தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வலைச் செயலிப் பாதுகாப்பு அரணின் வழியாக ஒருவர் உள்ளே புகுந்தார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் தகவலும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவலும் வெளியேறின. 2020 ஆகஸ்டில் வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் தண்டம் விதித்தது வங்கிக்குத்தான். அமைப்பைச் சரியாக உள்ளமைப்பது வாடிக்கையாளரின் பங்கு என்பதைத் தொழில்நுட்பக் கையேடுகள் நெடுநாளாகப் பகிர்ந்த பொறுப்பு என்ற பெயரில் சொல்லிவருகின்றன. அந்தப் பங்கீட்டுப் படத்தில் தன் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு சட்டக் கடமை என்று எண்ணிப் படித்தால் அது வேறு படமாகத் தெரியும்.

ஆயினும் சேவை தருபவர் எப்போதும் இரண்டாம் இடத்திலேயே நிற்பதில்லை. ஜிடிபிஆரின் 28-ஆம் பிரிவின் 10-ஆம் உட்பிரிவு, செயலாக்குநர் தானே நோக்கத்தை முடிவு செய்யத் தொடங்கினால் அந்த அளவுக்கு அவரும் கட்டுப்பாட்டாளராகவே கருதப்படுவார் என்கிறது. 'சேவையை மேம்படுத்துவதற்காக' வாடிக்கையாளரின் தரவைப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஓர் ஓரத்தில் கிடக்கும் வரி, இந்த உட்பிரிவின் வெளிச்சத்தில் படிக்கப்பட வேண்டியது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி அளிப்பதும் அந்த மேம்பாட்டுக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறாமல் நான் எந்த வரைவுக்கும் கருத்துச் சொல்வதில்லை. துணைச் செயலாக்குநர்களின் பட்டியலும் அப்படித்தான். மின்னஞ்சல் அனுப்ப ஒருவர், உதவி மையத்துக்கு ஒருவர், பிழைப்பதிவுகளைச் சேமிக்க ஒருவர் என்று அது நீளும். புதியவர் சேர்க்கப்பட்டால் எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பார்கள், மறுப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் மறுப்புச் சொல்பவருக்கு இருக்கும் ஒரே வழி சேவையை விட்டு விலகுவது.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தம் என்பது ஒரு கோப்பு அன்று. முதன்மை உடன்பாடு, தரவுச் செயலாக்க இணைப்பு, சேவைத்தர உடன்பாடு, ஏற்கத்தக்க பயன்பாட்டு விதிகள், சேவைவாரியான நிபந்தனைகள் என்று பல ஆவணங்கள் ஒன்றையொன்று சுட்டி நிற்கும். அவற்றில் சில, நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய இணையப் பக்கங்கள். முரண் வந்தால் எது மேலோங்கும் என்று சொல்லும் கூறை முதலில் தேடிப் படிக்கிறேன். அதன் பின் வரையறைகள். கையெழுத்திடும் நாளில் இருந்த பக்கங்களின் படிகளைத் தேதியோடு சேமிக்கச் சொல்கிறேன்.

சேவைத்தர உடன்பாட்டில் கண்ணை ஈர்ப்பவை எண்கள். மாதத்தில் 99.9 விழுக்காடு நேரம் சேவை இயங்கும் என்றால், 30 நாள் மாதத்தில் ஏறத்தாழ 43 நிமிட முடக்கம் அனுமதிக்கப்பட்டது என்று பொருள், 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் எண்ணை விட அதற்குக் கீழே உள்ள மூன்று வரிகள் முக்கியம்: முடக்கம் என்று எதைக் கணக்கிடுகிறார்கள், ஈடு கோர எத்தனை நாள் அவகாசம், அந்த ஈடுதான் ஒரே தீர்வா. ஈடு என்பது பெரும்பாலும் அடுத்த கட்டணத்தில் ஒரு பகுதிக் கழிவு மட்டுமே. இதோடு, மொத்தப் பொறுப்புக்கு வரம்பு கட்டும் கூறும் வரும். கடந்த 12 மாதங்களில் செலுத்திய கட்டணம் என்ற அளவு பரவலாகக் காணப்படுகிறது. சிறு கட்டணத்தில் பெருந்தொகை மதிப்புள்ள தரவை வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதிக் கொடுத்த சொல்லுக்கு நீதிமன்றத்தில் எடை உண்டு என்பதற்கும் ஒரு நிகழ்வு உள்ளது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. பணம் கட்டிக் காப்புப் பிரதி வசதி பெற்றிருந்த ஒரு வாடிக்கையாளரின் பிரதிகளும் அதே தீயில் போயின. காப்புப் பிரதி, மூல இயந்திரத்திலிருந்து இட அளவில் தனிமைப்படுத்தப்பட்டிருக்கும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. 2023-இல் அந்நாட்டின் லில் நகர வணிக நீதிமன்றம் முதல் நிலையில் அந்த வாக்குறுதியை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 'தனி', 'வேறிடம்', 'பாதுகாப்பான' என்ற சொற்களைக் கண்டால், அவற்றுக்கு அளவு கேட்டு வாங்கும் பழக்கம் இந்த வழக்கைப் படித்த பிறகு என்னிடம் இன்னும் வலுப்பெற்றது.

சான்றிதழ்களைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றில் அது எந்தப் பிரிவுக்கு, எந்தச் சேவைக்கு என்ற எல்லை வரியைப் பார்க்க வேண்டும். சேவை நிறுவனத்தின் கட்டுப்பாடுகளை வெளித் தணிக்கையாளர் ஆராய்ந்து எழுதும் எஸ்ஓசி 2 அறிக்கையில் முதல் வகை ஒரு நாளின் நிலையை மட்டும் சொல்லும். இரண்டாம் வகை ஒரு காலப்பகுதி முழுதும் கட்டுப்பாடுகள் இயங்கினவா என்று சொல்லும். வாடிக்கையாளர் தன் பக்கத்தில் செய்ய வேண்டியவை என்று அந்த அறிக்கையிலேயே ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படிக்காமல் அறிக்கையை அடுக்கி வைப்பதில் பயனில்லை.

தரவு கசிவது, திருடுபோவது போன்ற தரவு மீறலை அறிவிக்கும் காலக்கெடுவில் ஒரு நுட்பம் உண்டு. ஜிடிபிஆரில் கட்டுப்பாட்டாளருக்கு 72 மணி நேரம். செயலாக்குநர் அவருக்குத் தேவையற்ற தாமதமின்றிச் சொன்னால் போதும் என்றுதான் உள்ளது, மணிக்கணக்கு இல்லை. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவில் கெடு 6 மணி நேரம். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. சேவை தருபவர் தனக்குத் தெரிந்ததை எத்தனை மணிக்குள் சொல்வார் என்று ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதி வாங்காவிட்டால், அவர் முன்னரே அறிந்திருந்த செய்தி வாடிக்கையாளரை வந்தடையும் நேரத்தில் பாதிக்கப்பட்ட மக்கள் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பை இழந்திருக்கலாம்.

வெளியேறுவதைப் பற்றி, உள்ளே நுழையும்போதே பேச வேண்டும். 2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கொடுத்துத் தரவை எடுத்துக்கொள்ளச் சொன்னது. அக்டோபர் தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது. அளவற்ற தரவை வைத்திருந்தவர்களுக்கு அந்த அவகாசத்தில் பிரதியெடுப்பதே பெரும்பாடு. அந்தக் காலத்தில் கிளவுட் சேவைகளுக்கென இப்படிப்பட்ட விதி பெரும்பாலும் இல்லை. இப்போது ஐரோப்பாவில் நிதித் துறைக்கான டோரா விதிமுறை, 2025 ஜனவரி 17 முதல், முக்கியப் பணிகளுக்கு வெளியேறும் திட்டம் வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகிறது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், சேவை மாறுவதற்கான முன்னறிவிப்பு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், மாற்றப் பணியைப் பொதுவாக 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும், அதன் பிறகும் தரவை மீட்டெடுக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மாறுவதற்கான கட்டணம் 2027 ஜனவரி 12 முதல் அறவே கூடாது.

இந்த விதிகள் எட்டாத இடத்தில் இருப்பவர்கள், இதே எண்களை முன்மாதிரியாக வைத்துத் தங்கள் ஒப்பந்தத்தில் பேரம் பேசலாம். நான் பேசச் சொல்கிறேன். கோப்புகள் மட்டும் திரும்பினால் போதாது. யாருக்கு எந்த அனுமதி இருந்தது, எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறும் சேர்ந்து வர வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு ஒரு தணிக்கையில் அந்தத் தரவைச் சான்றாகக் காட்ட இயலாது. அழித்துவிட்டோம் என்ற உறுதிமொழியில், காப்புப் பிரதிகள் எந்தச் சுழற்சியில், எந்த நாளுக்குள் அழியும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, நல்லுறவு நிலவும் ஒரு மாதத்தில், முழு ஏற்றுமதியையும் ஒருமுறை கேட்டு வாங்கி, வேறொரு சர்வரில் ஏற்றி, அது இயங்குகிறதா என்று பார்த்து, எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் எவை வரவில்லை என்பதையும் அடுத்த புதுப்பிப்புக் கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.